வாசிப்பு கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு அடிப்படையிலான வாசிப்புக் கற்பித்தல் என்றால் என்ன?

குழந்தை எப்படி வாசிக்கக் கற்கிறது என்பதை உளவியலாளர்களும் மொழியியலாளர்களும் பல பத்தாண்டுகளாகச் சோதித்துப் பார்த்துவருகிறார்கள். அந்தச் சோதனைகளில் திரும்பத் திரும்ப நிலைத்து நின்ற முடிவுகளின்படி பாடம் நடத்துவதுதான் இது. ஒரு குறிப்பிட்ட புத்தகத் தொகுப்பையோ அட்டைப் பெட்டியையோ இந்தப் பெயரில் யாராவது விற்றால் கொஞ்சம் விலகி நின்று பாருங்கள்.

அடித்தளம் 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் முன்வைத்த ஒரு சமன்பாடு: வாசித்துப் புரிதல் என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறனும் கேட்டுப் புரியும் திறனும் பெருக்கி வருவது. கூட்டல் கிடையாது, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுத்து தெரியாத குழந்தைக்கு எத்தனை கதை சொன்னாலும் தானாக வாசிக்க வராது. எழுத்து தெரிந்தும் சொற்களின் பொருள் தெரியாத குழந்தை கடகடவென்று படித்துவிட்டு விழிக்கும். பயிற்சி பெறும் ஆசிரியர் தன் வகுப்பில் யாருக்கு எந்தப் பக்கம் குறைகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

2000-இல் வெளிவந்த அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை ஐந்து கூறுகளை எடுத்துக்காட்டியது: ஒலிகளைப் பிரித்துணர்தல், எழுத்து–ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், புரிதல். பெரும்பாலான பயிற்சிகள் இந்த ஐந்தைச் சுற்றியே அமைகின்றன.

இவையெல்லாம் ஆங்கிலத்தை வைத்துச் செய்த ஆய்வுகள்தானே? தமிழுக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். எழுத்தை ஒலியோடு இணைக்காமல் எந்த மொழியிலும் வாசிக்க முடியாது, அது பொது. எதை, எந்த வரிசையில், எவ்வளவு காலம் கற்பிப்பது என்பதை அந்தந்த மொழியின் எழுத்துமுறைதான் தீர்மானிக்கிறது. ஆங்கிலப் பயிற்சியின் அட்டவணையை அப்படியே தமிழ் வகுப்புக்குக் கொண்டுவருவதில்தான் தவறு தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒரே எழுத்துக்குப் பல ஒலி என்பதுதான் அங்கே சிக்கல். தமிழில் 247 எழுத்து. ஒலி பெரும்பாலும் நேரானது, ஆனால் வடிவங்களைக் கற்று முடிக்க நாளாகும். இதே குடும்பத்து எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துக் கற்றல் முதல் வகுப்போடு முடிவதில்லை, அடுத்த வகுப்புகளுக்கும் நீள்கிறது என்று காட்டியது. இரண்டாம் வகுப்பில் எழுத்துப் பாடத்தை மூடிவிட்டு "இனி புரிதல்தான்" என்று போவது தமிழ்க் குழந்தைக்கு ஆகாது.

தமிழுக்கே உரிய இடர்ப்பாடுகள் பயிற்சியில் தனித்தனியாக வரவேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும்: தே, பை, கெ. ஒகரமும் ஓகாரமும் எழுத்தின் இருபுறமும் நிற்கும். துணைக்காலும் ரகரமும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே வடிவம். "மௌனம்" என்பதைக் குழந்தை "மெ-ள-னம்" என்று படித்தால் அது கவனக்குறைவு ஆகாது. உகரத்துக்கு ஒரே குறி கிடையாது: கு, டு, மு, ரு ஒரு குடும்பம்; சு, பு, வு இன்னொன்று; து, நு, லு, று மூன்றாவது. இதை "பழகப் பழக வரும்" என்று விடாமல் குடும்பம் குடும்பமாகச் சொல்லிக்கொடுத்தால் சுமை குறையும்.

தமிழுக்குச் சாதகமான செய்தியும் உண்டு. புள்ளி வைத்த மெய், தனி மெய்யொலியைக் கண்ணுக்கே காட்டிவிடுகிறது. கூட்டெழுத்துக் குவியலும் இல்லை.

பயிற்சியில் ஆசிரியர் முதலில் கற்கவேண்டியது என்ன?

தன் மொழியின் ஒலி அமைப்பு. நன்றாகப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒலிகள் காதில் தனித்தனியாக விழுவதில்லை. எழுத்து குறுக்கே நிற்கும். அனுபவமுள்ள ஆசிரியர்களிடம்கூட மொழியின் ஒலி அமைப்பைப் பற்றிய அறிவு குறைவாக இருப்பதை 1994-இல் லூயிசா மோட்ஸ் எடுத்துக்காட்டினார்.

முதல் அமர்வில் இதைக் கொடுத்துப் பாருங்கள்: "தங்கம்" என்ற சொல்லில் எழுத்து எத்தனை, ஒலி எத்தனை? எழுத்து நான்கு. ஒலி ஆறு: த், அ, ங், க், அ, ம். "பூனை"? எழுத்து இரண்டு, ஒலி நான்கு. அறையில் பாதிப்பேர் தவறாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு யாரும் "இது எங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று சொல்வதில்லை.

அடுத்தது வல்லினம். ஒரே ககரம் "கல்"லில் வன்மையாகவும் "தங்கம்" என்பதில் மென்மையாகவும் "பகல்" என்பதில் இன்னும் இளகியும் ஒலிக்கிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வன்மை, மெல்லினத்துக்குப் பின் மென்மை, இரு உயிருக்கு நடுவில் இளக்கம். பேச்சுவழக்கு அறிந்த குழந்தை இதை அறியாமலே பின்பற்றும். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும். "பயம்" போன்ற சொற்கள் இந்த விதிக்கு அடங்கமாட்டா. அவற்றைத் தனியே காட்டுங்கள்.

மெய்யெழுத்தை "இக், இங், இச்" என்று சொல்லித்தருகிறோம். அதில் தவறு உண்டா?

பெயராகச் சொல்வதில் தவறில்லை. கூட்டிப் படிக்கும்போது அது காலை வாரிவிடும். "ப, ட, இம்" என்று கூட்டிய குழந்தைக்குக் கிடைப்பது "படஇம்". "பானா, டானா" என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டச் சொன்னால் இன்னும் மோசம்.

நீட்டக்கூடிய மெய்களை (ம், ன், ல், ர், ழ்) ஒலியாகவே நீட்டிக் காட்டலாம். ம் என்றால் உதட்டை மூடி முனகல். நீட்ட முடியாத க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றைத் தனியே ஒலிக்க முயலவேண்டாம். முன் எழுத்தோடு சேர்த்து ஒரே வீச்சில் சொல்லுங்கள்: "பட்", பிறகு "டம்", பிறகு "பட்டம்". பயிற்சியில் ஆசிரியர்கள் இணை இணையாக உட்கார்ந்து பத்து நிமிடம் இதை மட்டும் வாய்விட்டுப் பழகினால் போதும்.

எழுத்துகளை அ, ஆ வரிசையில்தான் கற்பிக்க வேண்டுமா?

அகரவரிசை அகராதிக்கு உதவும், வாசிப்பைத் தொடங்க உதவாது. பன்னிரண்டு உயிரையும் கற்ற குழந்தையால் வாசிக்க முடிகிற சொற்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஈ, ஆ என்று தொடங்கும்போதே தீர்ந்துவிடும். மாறாக ப, ட, ம, ர, ட், ம் என்ற ஆறை மட்டும் எடுங்கள்: படம், மரம், மடம், பட்டம், மட்டம், ரம்பம். முதல் இரண்டு வாரத்திலேயே குழந்தை வாசிக்கிறது.

அந்த ஆறு சொற்களில் வல்லின விதியும் ஒளிந்திருக்கிறது. "படம்", "பட்டம்" இரண்டிலும் டகரம் வேறு மாதிரி ஒலிக்கும். "ரம்பம்" சொல்லும்போது பகரம் மென்மையாகும். விதியைச் சொல்லவேண்டியதில்லை, சொற்களை அடுத்தடுத்து வைத்தால் காது பிடித்துக்கொள்ளும்.

ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளை ஒரே நாளில் கொடுக்கவேண்டாம். ல, ள, ழ மூன்றையும் "வித்தியாசம் தெரியட்டும்" என்று ஒரே பாடத்தில் வைப்பது நல்லெண்ணத்தில் செய்யப்படும் பிழை. ஒன்று நன்றாக ஊன்றிய பிறகே, சில வாரம் இடைவெளி விட்டு, அடுத்தது. ர, ற, ந, ன, ண ஆகியவற்றுக்கும் இதேதான்.

ஒரு மாதிரிப் பாடம் எப்படி இருக்கும்?

இரட்டைக்கொம்பு பாடம், 30 நிமிடம்.

முதல் 3 நிமிடம் பழைய எழுத்து அட்டைகள், சுமார் 15. அடுத்த 5 நிமிடம் காதுக்கு மட்டும்: "தேன்", "தென்னை" எதில் ஒலி நீளுகிறது? கரும்பலகையில் எதுவும் இல்லை. பிறகு 5 நிமிடம் காட்டல். "த" எழுதி ஒலிக்கச் சொல்லுங்கள், முன்னால் கொம்பை வரைந்து "தே" என்று நீங்கள் சொல்லுங்கள். விரலைக் கொம்பில் வைத்து உடனே தகரத்துக்கு நகர்த்தி, இரண்டும் சேர்ந்துதான் ஒலி என்று காட்டவேண்டும். அடுத்த 8 நிமிடம் சொல் வாசிப்பு: தேன், தேர், பேன், வேர், வேல், மேல், தேள், மேளம், வேடம், பேரன். முதல் மூன்று நீங்கள், அடுத்த மூன்று சேர்ந்து, மீதி நான்கைக் குழந்தைகள் தனித்தனியாக. 5 நிமிடம் சொல்வதெழுதுதல், நான்கு சொல் போதும். கடைசி 4 நிமிடம் தொடர் வாசிப்பு: "பேரன் மேல் தேள்!" சிரிப்பு வந்தால் புரிந்துவிட்டது என்று பொருள்.

பெரும்பாலும் சறுக்குவது இரண்டு இடத்தில். சில குழந்தைகள் கொம்பை முந்தைய எழுத்தோடு சேர்த்துப் படிப்பார்கள். அதற்கு எழுத்துகளை இடைவெளி விட்டு எழுதிய அட்டை வேண்டும். சொல்வதெழுதும்போது ஒலி வரிசையில் முதலில் "த" எழுதிவிட்டுக் கொம்புக்கு இடமில்லாமல் தவிப்பார்கள். எழுதும் முன் "கொம்பு உண்டா?" என்று தன்னையே கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

குழந்தை தவறாகப் படித்தால் எப்படித் திருத்துவது?

"தப்பு, நல்லா யோசி" என்பது திருத்தம் ஆகாது. தெரியாததை யோசித்து வரவழைக்க முடியாது. தவறிய எழுத்தில் விரலை வையுங்கள். ஒலியைச் சொல்லுங்கள். குழந்தை திருப்பிச் சொல்லட்டும். சொல்லை முதலிலிருந்து வாசிக்கட்டும், பிறகு தொடரை முதலிலிருந்து. இரண்டு மூன்று நிமிடம் கழித்து அதே சொல்லுக்கு மறுபடி வாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

படத்தைப் பார்த்து ஊகித்துப் படிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். நல்ல வாசகர் ஊகித்துப் படிக்கிறார் என்ற கருத்து 1967-இல் கென்னத் குட்மன் எழுதியதிலிருந்து பரவியது. பிந்தைய ஆய்வுகள் நேர்மாறாகக் காட்டின: திறமையான வாசகர் எழுத்துகளை முழுதும் பார்க்கிறார், ஊகத்தைப் பிடித்துத் தொங்குபவர் திணறும் வாசகர். படத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் சொல்லைப் படித்த பிறகு.

சேர்ந்து படிக்கும்போது எல்லோரும் நன்றாகப் படிக்கிறார்கள். தனியாகக் கேட்டால் வரவில்லை. ஏன்?

அவர்கள் படிக்கவில்லை, ஒப்பிக்கிறார்கள். பாடத்தைப் பலமுறை கேட்ட குழந்தை புத்தகத்தைத் தலைகீழாக வைத்தும் சொல்லும். கண்டுபிடிக்க எளிய வழி: பக்கத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள், அல்லது அதே சொற்களை வரிசை மாற்றி எழுதிக் கொடுங்கள். இன்னும் உறுதியாகத் தெரிய, பொருளற்ற சொற்கள்: "பெடிமு", "லோதர்" போல. மனப்பாடம் அங்கே உதவாது. இங்கிலாந்தில் 2012 முதல் நடக்கும் எழுத்து–ஒலிச் சோதனையில் 40 சொற்களில் பாதி இப்படிப்பட்டவைதான். சோதிக்க மட்டும் இவற்றைப் பயன்படுத்துங்கள், தினப் பாடமாக்க வேண்டாம்.

சேர்ந்து படிப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. விரல் சொல்லின் கீழ் நகரவேண்டும், கண் பக்கத்தில் இருக்கவேண்டும், முடிந்ததும் நாலைந்து பேரிடம் தனியே கேட்கவேண்டும். ஒவ்வொருவராக எழுப்பி வரிவரியாகப் படிக்கவைப்பதில் லாபம் குறைவு: 40 நிமிடத்தில் 40 குழந்தைகள் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம், மீதி 39 நிமிடம் வேடிக்கை. இணையாக உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் விரல் வைத்துத் தொடர்வது இதைவிடப் பலமடங்கு வாசிப்பு நேரம் தரும்.

சரளத்தை எப்படி அளப்பது?

குழந்தை முன்பு பார்க்காத, வகுப்புக்கு ஏற்ற பத்தி ஒன்று. உங்கள் கையில் அதன் படி, பென்சில், ஒரு நிமிடம் காட்டும் கடிகாரம். முதல் சொல்லைக் குழந்தை தொடங்கும்போது நேரம் தொடங்கும். தவறையும் விட்ட சொல்லையும் கோடிடுங்கள். தானே 3 வினாடிக்குள் திருத்திக்கொண்டால் சரி. 3 வினாடி தயங்கி நின்றால் சொல்லைச் சொல்லிவிட்டுத் தவறாகக் குறியுங்கள். ஒரு நிமிடத்தில் 38 சொல், 5 தவறு என்றால் மதிப்பெண் 33. முடிந்ததும் இரண்டு மூன்று கேள்வி கேளுங்கள், இல்லையென்றால் குழந்தை வேகப்பந்தயம் என்று நினைத்துக்கொள்ளும்.

ஆங்கிலத்தின் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற இலக்குகளைத் தமிழில் ஒட்டவைக்காதீர்கள். "மரத்திலிருந்து" என்பது தமிழில் ஒரே சொல்; அதே கருத்துக்கு ஆங்கிலத்தில் மூன்று. குழந்தையை அதன் முந்தைய அளவோடு ஒப்பிடுவதே நேர்மையானது. நூற்றுக்கு 95 சொல்லுக்கு மேல் சரியாகப் படித்தால் அந்தப் பத்தி தனியே படிக்க ஏற்றது, 90-க்குக் கீழே போனால் கடினம் என்ற பொது அளவுகோலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்து வந்துவிட்டது, புரிதல் வரவில்லை. பயிற்சி இதற்கு என்ன சொல்கிறது?

முதலில் அந்தப் பத்தியை நீங்கள் படித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டும் புரியவில்லை என்றால் சிக்கல் மொழியிலும் உலக அறிவிலும் இருக்கிறது. கேட்டால் புரிந்து, படித்தால் புரியவில்லை என்றால் சரளம் போதவில்லை. கவனமெல்லாம் எழுத்துக்கூட்டுவதிலேயே செலவாகிறது.

தமிழில் இன்னொரு கதவும் அடைத்திருக்கும். "வந்துட்டாங்க" என்று பேசும் குழந்தை "வந்துவிட்டார்கள்" என்பதைப் புத்தகத்தில்தான் முதன்முதல் பார்க்கிறது. எழுத்துநடையைப் புத்தகத்தில் பார்க்குமுன்பே காதில் போடவேண்டும். வகுப்பில் தினமும் 10 நிமிடம் கதையை எழுத்துநடையிலேயே உரக்க வாசித்துக் காட்டுவது இதற்குத்தான். கதையைப் பேச்சுநடைக்கு மாற்றிச் சொன்னால் சுவை கூடும், இந்தப் பயன் போய்விடும். இரண்டுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குங்கள்.

"மையக்கருத்தைக் கண்டுபிடி" என்ற பயிற்சித்தாளை அடுக்குவதால் பெரிய பலன் கிடையாது. 1988-இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அறிவியலையும் சமூக அறிவியலையும் குறைத்து வாசிப்புக்கு நேரம் ஒதுக்குவது ஏன் பின்னடைவு என்பது இதிலிருந்தே தெரியும்.

பயிற்சி எத்தனை நாள் இருக்கவேண்டும்?

தொடர்ச்சியாக ஐந்து நாள் உட்காரவைப்பதைவிட, அதே நேரத்தை ஓராண்டுக்குப் பிரித்துப் போடுவது மேல். ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980-களில் எழுதியதன் சாரம்: விளக்கமும் செய்துகாட்டலும் அறிவைக் கூட்டும், வகுப்பறைக்குள் அது போய்ச் சேரவேண்டுமானால் உடனிருந்து வழிகாட்டும் ஆள் வேண்டும். (வழிகாட்டல் இல்லாவிட்டால் 5 சதவீத ஆசிரியர்கள், இருந்தால் 95 சதவீதத்தினர் கற்றதை வகுப்பில் கடைப்பிடிப்பார்கள் என்று பயிற்சிகளில் காட்டப்படும் அட்டவணை அவர்களுடைய மதிப்பீடு, அளந்து எடுத்த எண்ணாக மேற்கோள் காட்டவேண்டாம்.)

நாங்கள் பரிந்துரைக்கும் அமைப்பு: தொடக்கத்தில் இரண்டு நாள், ஒலியும் எழுத்தும். பிறகு ஐந்து அல்லது ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அரைநாள் அமர்வு, ஒரே ஒரு உத்தி, மூன்று வாரம் வகுப்பில் நடைமுறை, நடுவில் ஒரு வகுப்பறை வருகை. அரைநாள் அமர்விலும் விளக்கம் 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. செய்துகாட்டல் 20 நிமிடம், மீதி முழுவதும் ஆசிரியர்கள் மூவர் மூவராகப் பிரிந்து செய்துபார்த்தல்: ஒருவர் ஆசிரியர், ஒருவர் குழந்தை, ஒருவர் கவனிப்பவர். "குழந்தை"யாக இருப்பவர் வேண்டுமென்றே மூன்று தவறு செய்யவேண்டும். அப்போதுதான் திருத்தம் பழகும்.

வகுப்பறை வருகையில் வழிகாட்டி எதைப் பார்க்கவேண்டும்?

சுவர் அலங்காரத்தையும் பதிவேட்டையும் விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் குழந்தைகள் எத்தனை முறை வாய்திறந்து வாசித்தார்கள், கேள்விக்குப் பின் ஆசிரியர் 3 வினாடியாவது காத்திருந்தாரா, தவறுகளில் எத்தனை திருத்தப்பட்டன, கடைசி வரிசையிலிருந்து யாராவது படித்தாரா என்று கோடு போட்டு எண்ணுங்கள். பின்பு பேசும்போது ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள். ஏழு குறை சொன்னால் ஆசிரியர் ஏழையும் மறப்பார். இந்தக் குறிப்பு ஆண்டு மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகும் என்று தெரிந்தால், அடுத்த வருகையில் ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும். வழிகாட்டியும் மதிப்பீடு செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது அதனால்தான்.

ஒரே வகுப்பில் பல நிலைகளில் குழந்தைகள் இருக்கிறார்கள். என்ன செய்வது?

வயதை விட்டு, வாசிக்கும் நிலையை வைத்துத் தினமும் 30 நிமிடம் குழு பிரியுங்கள்: எழுத்து தெரியாதவர், சொல் படிப்பவர், பத்தி படிப்பவர். எழுத்து தெரியாத குழுவில் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம், ஆசிரியர் அந்தக் குழுவோடுதான் உட்காரவேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளந்து இடம் மாற்றாவிட்டால், குழு என்பது முத்திரையாகிவிடும்.

இணையவழிப் பயிற்சி போதுமா?

விளக்கப் பகுதிக்குப் போதும். ஒலிப்புப் பயிற்சிக்கும் பிழைத்திருத்தப் பயிற்சிக்கும் நேரில் ஒருவர் கேட்டுத் திருத்தவேண்டும். முடியாவிட்டால், ஆசிரியர் தன் பாடத்தில் ஐந்து நிமிடத்தைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து வழிகாட்டிக்கு அனுப்பலாம்.

எழுத்துகளை மாற்றி எழுதும் குழந்தைக்கு டிஸ்லெக்சியாவா?

டிஸ்லெக்சியா என்பது வாசிக்கக் கற்பதில் நீடிக்கும் குறைபாடு. மாற்றி எழுதுவது தொடக்கநிலையில் எல்லோரிடமும் உண்டு. டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் காணப்படும் சிக்கல் கண்ணில் இல்லை, ஒலிகளைப் பிரித்துக் கையாள்வதில். முறையாகக் கற்பித்தும், சிறுகுழுவில் கூடுதல் நேரம் கொடுத்தும் முன்னேற்றம் மிக மெதுவாக இருந்தால் நிபுணரிடம் அனுப்புங்கள். பெயர் சூட்டுவது ஆசிரியர் வேலை அல்ல. அறிக்கை வரும்வரை கற்பிப்பதை நிறுத்தவும் கூடாது.

பயிற்சி பலித்ததா என்று எப்படி அறிவது?

முடிவில் கொடுக்கும் கருத்துப் படிவத்தை நம்பவேண்டாம். சாப்பாடு நன்றாக இருந்தால் அதிலும் மதிப்பெண் ஏறும். தொடக்கத்திலும் ஆண்டு இறுதியிலும் மூன்றைப் பாருங்கள்: ஒலி–எழுத்து பற்றிய ஆசிரியர் சோதனை, வகுப்பறை வருகையில் கோடு போட்டு எடுத்த எண்ணிக்கை, குழந்தைகளின் ஒரு நிமிட வாசிப்பு. எல்லோரையும் அளக்க முடியாவிட்டால் சீட்டுக் குலுக்கி வகுப்புக்குப் பத்துப் பேரை எடுங்கள். ஆசிரியரே தேர்ந்தெடுத்தால் முதல் வரிசைதான் வரும். இரண்டு முறையும் ஒரே பத்தியைக் கொடுக்காதீர்கள், சம கடினமுள்ள வேறு பத்தி வேண்டும். ஆசிரியர் சோதனையில் ஏற்றம், வகுப்பறையில் மாற்றமில்லை என்றால் வழிகாட்டல் போதவில்லை. வகுப்பறை மாறியும் குழந்தைகள் அசையவில்லை என்றால், கற்பிக்கும் எழுத்தும் அவர்கள் இருக்கும் நிலையும் பொருந்தவில்லை; எழுத்து அட்டைகளை எடுத்துக்கொண்டு, எது தெரியும் எது தெரியாது என்று ஒவ்வொருவரிடமும் மறுபடி பார்க்கவேண்டியதுதான்.